விசிட்டரம்மா இல்லாமல் ஓடாது

டாக்டருடைய பிரம்பு நாற்காலியின் வலது கைப்பிடியில் ஓர் இடத்தில் பிரம்பு பிரிந்து நீட்டிக்கொண்டிருக்கும். பேசும்போதெல்லாம் கட்டைவிரலால் அதை உள்ளே தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் சுகாதார நிலையத்தின் வாராந்தரக் கூட்டம் தொடங்குகிற நேரத்தில், அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்தார். அதை யாருக்கோ கொடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கையிலிருந்த டைரியை மூடி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். அவர் சுவரோரப் பெஞ்சியில் கம்பவுண்டருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இனிமே சனிக்கிழமைக் கூட்டத்தை நீங்க நடத்துங்கம்மா. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அந்த 'அம்மா' யார் என்பதில் அங்கிருந்த யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசி வரிசையில் இருந்து விசிட்டரம்மா எழுந்து வந்தார். வந்தவர் கொஞ்சம் தயங்கியிருந்தால், 'எனக்கெதுக்கு சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மன்னித்திருப்பேன். அவர் சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த நாற்காலியில் அமர்ந்தார். தினமும் உட்கார்ந்து பழகியவர்போல அமர்ந்தார். நான் மூடிய டைரியை மறுபடி திறந்தேன். அன்று பிடித்த எரிச்சல் அது.

எங்கள் நிலையம் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற சாலையில் இருந்த ஒரு சிற்றூரில், ஓடு வேய்ந்த கட்டடத்தில் இயங்கியது. அப்போது அந்தப் பகுதி செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. ஐம்பதுகளின் பிற்பகுதி. ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், மூன்று மருத்துவச்சிகள், அம்மை குத்துபவர் ஒருவர், ஜீப் டிரைவர், பெருக்கித் துடைக்க ஓர் அம்மாள். இவர்களோடு ஹெல்த் இன்ஸ்பெக்டராக நான். மருத்துவச்சிகளுக்கு மேற்பார்வையாக ஹெல்த் விசிட்டர். ஊர்க்காரர்கள் அந்தப் பதவியின் பெயரையே அவருக்குப் பெயராக்கி 'விசிட்டரம்மா' என்றார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம்.

அவர் என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேலையில் சேர்ந்த தேதியைப் பார்த்தால் நான் சீனியர். அந்தத் தேதியை நான் ஒருநாளும் மறந்ததில்லை. இன்னொன்றும் எனக்கு மறக்கவில்லை. அதை மறைத்து எழுதினால் இந்தக் குறிப்பு பொய்யாகிவிடும். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்து உழுத குடும்பம். அவர் காலனியில் பிறந்தவர், கிறிஸ்தவர். அவருடைய தாயார் எங்களைப் போன்றவர்களின் கழனியில் நாற்று நட்டவர். பாதிரிமார் நடத்திய பள்ளியில் படித்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்தார். எனக்கு அதில் எந்த வித்தியாசமும் கிடையாது என்று வெளியே சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது என்பதே போதும்.

கூட்டத்தை டாக்டர் நடத்தியபோது முதலில் நான் பேசுவேன். எந்தெந்த ஊருக்குப் போனேன், எத்தனை வீடு பார்த்தேன் என்று வாசிப்பேன். மற்றவர்கள் வரிசையாக வாசிப்பார்கள். டாக்டர் தலையாட்டுவார். விசிட்டரம்மா நாற்காலிக்கு வந்த அன்றே அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். பெருக்குகிற அம்மாளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த வாரம் யாராரு வந்து திரும்பிப் போனாங்க? நீதானே காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் வாசல்ல கீற. நீ சொல்லு மொதல்ல" என்றார். அந்த அம்மாள் முதல் வாரம் வாயைத் திறக்கவில்லை. முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்றாவது வாரம், "களியாம்பூண்டி பக்கத்துலேருந்து ஒரு ஆளு வண்டி கட்டிக்கினு வந்தாரு. மருத்துவச்சியம்மா நாஷ்டா துன்னப் போயிருக்காங்க, இருன்னு கம்பவுண்டரு சொன்னாரு. அவரு இருந்து இருந்து பாத்துட்டுப் பூட்டாரு" என்றாள். கம்பவுண்டருக்கு முகம் கறுத்துப் போனது.

அந்த ஆள் வந்தது மனைவியின் பிரசவத்துக்காக. குழந்தை தங்கவில்லை. இது தெரியவந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கம்பவுண்டரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். விசிட்டரம்மா என்னைக் கையமர்த்தவில்லை. நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "யாரால ஆச்சுன்னு கேட்டா எல்லாரும் வாய மூடிக்குவாங்க சார். சேதி எங்க நின்னு போச்சு? அத்தப் பாக்கலாம்" என்றார். அரை மணி நேரம் பேசினார்கள். வாசலுக்கு வருகிற எந்தச் சேதியையும் கம்பவுண்டர் வாங்கி வைக்கத் தேவையில்லை, பெருக்குகிற அம்மாளே வாங்கிக்கொண்டு நேரே மருத்துவச்சி வீட்டுக்கு ஓடலாம், யாரையும் கேட்க வேண்டாம் என்று முடிவாயிற்று. எழுத்துக்கூட்டத் தெரியாதவள் கையில் ஒரு நிலையத்தின் அவசரச் சேதியைக் கொடுப்பதா என்று நான் கேட்டேன். கம்பவுண்டரே, "குடுக்கலாம் சார், அது ஓடும்" என்றார். திட்டு வாங்க வேண்டியவர் அன்று விசிட்டரம்மா பக்கம் சேர்ந்துவிட்டார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை.

பிறகு எதற்கெடுத்தாலும் அவர் பெயர்தான். ஜீப்பை எடு என்றால், "விசிட்டரம்மா இன்னா சொல்றாங்கன்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு வந்துட்றேன் சார்" என்பார் டிரைவர். அம்மை குத்துபவர் லீவு வேண்டுமென்றால் என்னிடம் எழுதிக்கொடுப்பார். ஆனால் மகளுக்கு வரன் வந்ததை அவரிடம்தான் சொல்வார். நான் வேறு வழியில்லாமல் அவருடைய பதிவேடுகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அவருக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும்; ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவார். பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு அனுப்புவேன். அடுத்த நாள் அதே பக்கத்தைத் திருத்தி எழுதி, "பாத்துக் குடுத்ததுக்கு ரொம்ப உபகாரம் சார்" என்று கொண்டுவந்து வைப்பார். அவர் குத்திக் காட்டுகிறாரோ என்று முகத்தைப் பார்ப்பேன். அப்படி ஒன்றும் இருக்காது. அதனால் இன்னும் கொஞ்சம் அழுத்தி வட்டமிடுவேன்.

அந்த ஆண்டு மழைக்குப் பிறகு செய்யாற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி பரவியது. காவாந்தண்டலத்துக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். அங்கே ஊர்க்கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். அது என் வேலை. அந்த ஊர்ப் பெரிய வீட்டுக்காரர் எனக்குத் தூரத்து உறவு. அதனால் தைரியமாகப் போய்க் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கைவைத்து நின்று, சர்க்கார் உத்தரவு என்றேன். நாலைந்து பேர் கூடினார்கள். பெரியவர் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"இன்னாப்பா இது, நாத்தம் கொடலப் புடுங்குது. இத்தக் குடிச்சிட்டு நாங்க இன்னா ஆவறது? எங்க தாத்தன் காலத்துலேருந்து குடிச்சிக்கினு இருக்கற தண்ணி. சொந்தக்காரனாச்சேன்னு பாக்கறேன். கெணத்தத் தொடாத."

நான் சட்டம் சொன்னேன். கேஸ் போடுவேன் என்றேன். அவர் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்போது ஜீப் வந்து நின்றது. காலனிப் பக்கம் ஊசி போட்டு முடித்துவிட்டு விசிட்டரம்மா இறங்கினார். கிணற்றருகே வரவில்லை. இருபதடி தள்ளிப் புங்கமரத்தடியில் நின்றுகொண்டார். ஏன் அங்கேயே நின்றார் என்பது எனக்கும் தெரியும், அந்த ஊருக்கும் தெரியும். பிறந்த உரிமையோடு கிணற்றுச் சுவரில் கைவைத்து நின்ற நான் தோற்றுப்போயிருந்தேன். அந்தச் சுவரைத் தொட முடியாதவர், பெரியவர் வீட்டு மருமகளை மட்டும் பார்க்க வேண்டும் என்று ஒரு பெண்ணிடம் சொல்லி அனுப்பினார்.

மருமகள் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். போன ஆடியில் அந்தக் குழந்தை குறுக்கே கிடந்து, மூன்று நாள் வலிக்குப் பிறகு விசிட்டரம்மாதான் பிரசவம் பார்த்தார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவளிடம் அவர் மெதுவாகவே பேசினார்.

"இத்த நீங்களே போடுங்கம்மா. பக்கெட்டுல கரச்சி, தெளிய வுட்டு, மேலாப்புல இருக்கற தண்ணிய மட்டும் ஊத்துங்க. ஒரு மணி நேரம் யாரும் கயிறு வுடக் கூடாது. அத்தப் பாத்துக்கறதும் நீங்கதான். நாள வுட்டு நாள் பொட்டலம் அனுப்பறேன். சரியா செஞ்சீங்களான்னு நாங்க யாரும் வந்து பாக்க மாட்டோம். உங்க கெணறு, உங்க பொறுப்பு."

மாமனார் திரும்பி வந்து உரத்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே, "எனக்கும் இந்தப் புள்ளைக்கும் உசிரு குடுத்தவங்க சொல்றாங்க மாமா. நான் போடறேன்" என்றாள். குழந்தையை மாமனார் கையிலேயே கொடுத்துவிட்டுப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டாள். பெரியவர் பேரனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நின்று பார்த்தார். அந்த ஊரில் அதற்குப் பிறகு புதிதாக யாரும் விழவில்லை. பக்கத்து ஊர்ப் பெண்கள் வந்து பொட்டலம் கேட்டு வாங்கிப் போனார்கள். எப்படிப் போடுவது என்று அந்த மருமகள்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

இதைவிடப் பெரிய அடி நிலையத்துக்குத் திரும்பியதும் காத்திருந்தது. டாக்டர் விசாரித்தபோது விசிட்டரம்மா, "இன்ஸ்பெக்டர் சாரு முன்னாடியே போய் ஊர்ல பேசி வெச்சிருந்தாரு. அதான் சுலுவா முடிஞ்சிது" என்றார். டாக்டர் என் தோளைத் தட்டினார். என்னை ஏளனம் செய்திருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். எனக்கு இல்லாத பெருமையை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு அவரிடம் இருந்தது. கொடுத்த பிறகும் அவருக்குக் குறையவில்லை. அன்று முழுக்க எனக்கு நெஞ்சுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டோ, அதற்கடுத்த ஆண்டோ, ஒரு சர்க்குலர் வந்தது. நிலையங்களை முன்னின்று நடத்தக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்து, நிர்வாகமும் தலைமையும் சொல்லிக்கொடுக்க வெளியூரில் நான்கு மாதப் பயிற்சி. ஒரு நிலையத்திலிருந்து ஒருவர். முடித்து வந்தால் பதவி உயர்வு, பல நிலையங்களுக்கு மேற்பார்வை. வயது வரம்பும் இருந்தது. விசிட்டரம்மா அந்த வரம்பின் விளிம்பில் இருந்தார். டாக்டர் அவர் பெயரைத்தான் எழுதி அனுப்பினார். அதை என்னிடமே காட்டி, "சரிதானே?" என்று கேட்டார். "ரொம்ப சரி சார்" என்றேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மானாம்பதியிலிருந்து ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தோம். விசிட்டரம்மா தன்னைப் பற்றி எதுவும் பேசுகிறவரல்ல. அன்று தானாகவே சொன்னார். "இந்த ஒரு தபா வுட்டா அப்புறம் என்ன எடுத்துக்க மாட்டாங்க சார், வயசு தாண்டிப் பூடும். போய்ப் பாக்கணும்னு ஆசையா கீது. நானா ஏதோ செஞ்சிக்கினு இருக்கேன். அது சரியா தப்பான்னு படிச்சவங்க சொன்னா தெரிஞ்சிக்கலாமில்ல." சொல்லிவிட்டு வெட்கப்பட்டவர்போல வெளியே ஏரியைப் பார்த்தார். 'நிச்சயம் உங்களுக்குத்தான் கிடைக்கும்' என்றேன். அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் எது என்பது அந்த நிமிடத்திலிருந்து எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

ஜில்லா ஹெல்த் ஆபீசர் ஆய்வுக்கு வந்தார். எல்லாம் பார்த்து முடித்துப் பயணியர் பங்களாவில் தங்கியிருந்தவர் என்னை மட்டும் கூப்பிட்டனுப்பினார். "டாக்டர் விசிட்டரைச் சிபாரிசு பண்ணியிருக்கார். சர்வீஸ்ல நீங்க சீனியர். உங்க மனசுல ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார். நல்ல மனிதர். குறை சொல்லியிருந்தால் என்னைத்தான் தாழ்வாக நினைத்திருப்பார். நான் குறை சொல்லவில்லை. பெருக்குகிற அம்மாள் சேதி கொண்டு ஓடுவதைச் சொன்னேன். கம்பவுண்டர் திருந்தியதைச் சொன்னேன். கிணற்றுக் கதையைக்கூட உள்ளபடி சொன்னேன். வாழ்க்கையில் நான் அவரை மனதாரப் புகழ்ந்தது அந்தப் பத்து நிமிடம்தான். கடைசியில் சொன்னேன்: "அவங்கள மாதிரி ஒருத்தர் இந்த ஜில்லாவுலயே கிடையாது சார். அவங்க இல்லாம எங்க சென்டர் ஒருநாள் ஓடாது."

ஆபீசர் பேனாவை மூடிவைத்தார். "அப்படிப்பட்டவங்களை நாலு மாசம் எடுத்துட்டுப் போனா தப்பாயிடுமே" என்றார். "நீங்க போயிட்டு வர முடியுமா?" என்றும் கேட்டார். நான் சற்று யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, முடியும் என்றேன்.

நான் புறப்பட்ட அன்று நிலையத்தில் டீ கொடுத்தார்கள். ஏற்பாடு செய்தவர் விசிட்டரம்மா. "வந்து எங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுங்க சார்" என்றார். கண் கொஞ்சம் வீங்கியிருந்ததாக எனக்குப் பட்டது. நான் பார்க்காததுபோல் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

பயிற்சியில் வகுப்பெடுத்தவர் மேல்நாட்டில் படித்து வந்தவர். தவறு நடந்தால் ஆளைத் தேடாதே, தடங்கலைத் தேடு என்று ஆங்கிலத்தில் கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் பரபரவென்று எழுதிக்கொண்டார்கள். என் பேனா நகரவில்லை. வேலையைக் கொடுக்கும்போது பொறுப்பையும் சேர்த்துக் கொடு என்றார். கடைநிலை ஊழியரை முதலில் பேச விடு என்றார். ஒவ்வொன்றையும் நான் எங்கள் ஊர்ப் பேச்சில், ஒரு பிரம்பு நாற்காலியிலிருந்து, ஏற்கெனவே கேட்டிருந்தேன். தான் செய்வது சரியா தப்பா என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கரும்பலகை முழுக்க இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் எண்பது மைல் தள்ளி, எங்கோ ஒரு குடிசையில் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வகுப்பில் உட்கார்ந்தும் எனக்குப் பொறாமை போகவில்லை. நியாயமாகப் பார்த்தால் பச்சாதாபம் வந்திருக்க வேண்டும்.

ஒருநாள், நீங்கள் தலைமையேற்று நடத்திய ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் எழுப்பினார்கள். என் முறை வந்தது. வேறு சம்பவம் எனக்கு இல்லை. கிணற்றுக் கதையைச் சொன்னேன். மருமகளைக் கூப்பிட்டனுப்பியது நான். உங்கள் கிணறு, உங்கள் பொறுப்பு என்று சொன்னதும் நான். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் இருந்தது. வகுப்பு கைதட்டியது. ஆசிரியர் அதைப் பாடக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் விசிட்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "இன்னா சார் சொல்லிக்குடுத்தாங்க? அந்த நோட்ட ஒரு நாள் குடுங்க சார், பாத்துட்டுத் தரேன்" என்பதுதான். இங்கிலீஷில் இருக்கிறது என்றேன். டாக்டரைப் படித்துச் சொல்லச் சொல்கிறேன் என்றார். இன்னும் சரியாக எழுதி முடிக்கவில்லை என்றேன். இரண்டு முறை கேட்டார். பிறகு கேட்கவில்லை. அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். நான் மேற்பார்வை அலுவலராகக் காஞ்சிபுரத்துக்குப் போனேன். விசிட்டரம்மா இப்போது எனக்குக் கீழே. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பெடுப்பதும் என் வேலையாயிற்று. கிணற்றுக் கதை இல்லாமல் நான் ஒரு வகுப்பையும் முடித்ததில்லை. பல ஊர்களில் சொல்லி நல்ல பெயர் வாங்கினேன்.

அறுபதுகளின் நடுவில் ஒருமுறை என் பழைய நிலையத்திலேயே வகுப்பு ஏற்பாடாயிற்று. சுற்றுவட்டார ஊழியர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள். அதே கூடம். விசிட்டரம்மா கடைசி வரிசையில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கதையைத் தவிர்த்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். முன் வகுப்பில் கேட்ட ஒருவர், "அந்தக் கிணத்துக் கதையச் சொல்லுங்க சார்" என்று எழுந்து கேட்டுவிட்டார். சொன்னேன். கடைசி வரிசைப் பக்கம் பார்க்காமலே சொன்னேன். முடிந்ததும் புதிதாகச் சேர்ந்த மருத்துவச்சி ஒருத்தி, சின்னப் பெண், எழுந்து கேட்டாள்: "சார், பெரிய வூட்டு மருமவ, வேத்து ஆம்பள கூப்ட்டா எப்படி சார் வந்தாங்க? மாமனார மீறி உங்க பேச்ச ஏன் சார் கேட்டாங்க?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்கினேன். கூடத்தில் பின்னால் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. விசிட்டரம்மா எழுந்து நின்றார். இதோ முடிந்தது என்று நினைத்தேன்.

"சாரு அந்த வூட்டுக்கு ஒறமொறக்காரு கண்ணு. அண்ணன் மொறயாவணும். அதான் வந்துச்சு" என்றார். உட்கார்ந்துகொண்டார். சின்னப் பெண் சரியென்று தலையாட்டினாள். வகுப்பு மேலே நடந்தது.

எல்லோரும் கலைந்து போன பிறகு வராந்தாவில் அவரைத் தேடிப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்தேன் சார். அந்த ட்ரெயினிங் விசயமா ஆபீசர் கேட்டப்போ, நான் இல்லாம இந்த சென்டரு ஓடாதுன்னு சொன்னீங்களாமே. எனக்கு மனசு ஆறட்டும்னு நம்ம பழைய டாக்டரு சொன்னாரு. அத்தக் கேட்டதும் எனக்குப் பயமாப் பூட்ச்சு சார். நான் இல்லாட்டி ஓடாதுன்னா, இத்தினி வருசமா நான் இன்னா வேல செஞ்சிருக்கேன்? அதான், நீங்க அங்க படிச்சிக்கினு இருந்தப்போ, ஒரு மாசம் லீவு போட்டுட்டு தாமல் கிராமத்துல அக்கா வூட்டுக்குப் பூட்டேன். ஒரு சேதியும் கேட்டுக்கல. திரும்பி வந்து பாத்தா எல்லாம் ஓடிக்கினு கீது. பெருக்கற அம்மா கூட்டத்துல மொத ஆளா பேசிக்கினு கீது. கம்பவுண்டரு நாற்காலில குந்திக்கினு எழுதிக்கினு இருக்காரு. நீங்க நெனச்சது தப்பு சார். நல்லாவே ஓடிச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அந்தச் சிரிப்பில் ஏதாவது தேடினேன். மனிதர் முகத்தைப் படிப்பதில் எனக்குத் திறமை போதாது. அவர் தன் ஆயுளில் பார்த்த மிகச் சந்தோஷமான காட்சியை என்னிடம் சொன்னார் என்றுதான் இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது. நான் அந்தச் செய்தியை எப்படி வாங்கிக்கொண்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் என் அலுவலகத்தில் ஒரு காகிதமும் நகராது. அதை நான் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வழக்கம். அந்த வராந்தாவில் நின்றபோது அந்தப் பெருமை கழன்று விழுந்தது. விழுந்த இடத்தில் மறுபடியும் பொறாமைதான் முளைத்தது.

அதற்குப் பிறகு வந்த ஒரு பயிற்சிக்கு அவர் பெயரை நானே எழுதி அனுப்பினேன். நீண்ட சிபாரிசு. வயது வரம்பு கடந்துவிட்டது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். தனக்குப் பதிலாக, என்னைக் கேள்வி கேட்ட அந்தச் சின்னப் பெண்ணை அனுப்பும்படி விசிட்டரம்மா சொன்னார். அவள் போய்வந்தாள். தன் நோட்டை முதல் நாளே விசிட்டரம்மாவிடம் கொடுத்தாளாம்.

அறுபதுகள் முடிகிற சமயத்தில் விசிட்டரம்மா ஓய்வு பெற்றார். நிலையத்து வளாகத்தில் பந்தல் போட்டுப் பிரிவுபசாரம். நான் தலைமை. இனியும் தள்ளிப்போட முடியாது என்று ஒரு துணிச்சலோடு போயிருந்தேன். ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று சொன்னேன்: "நான் எல்லா வகுப்பிலும் சொல்லுகிற அந்தக் கிணற்றுக் கதை என்னுடையதல்ல. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டது இந்த அம்மா. அவள் கையில் பொறுப்பைக் கொடுத்தது இந்த அம்மா. நான் திட்டு வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்."

கைதட்டல், பந்தல் அதிரும்படியாக. புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் எழுந்து வந்து ஒலிபெருக்கியை வாங்கினார். "தன்னுடைய சாதனையைத் தனக்குக் கீழே வேலை செய்த ஒருவருக்கு எடுத்துக் கொடுக்கிற இந்தப் பெரிய மனசு இருக்கிறதே, இதுதான் தலைமைப் பண்பு. நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும்" என்றார். மறுபடி கைதட்டல். யாரோ என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். நான், "இல்லை, உண்மையாகவே..." என்று ஆரம்பித்தேன். அடக்கத்தைப் பார் என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. திரும்பி விசிட்டரம்மாவைப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பயணியர் பங்களாவில் சொன்ன வாக்கியத்தைப் பற்றி நான் மேடையில் மூச்சுவிடவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் கைதட்டியிருப்பார்கள். இங்கேதான் முதல்முறையாக அதைத் துரோகம் என்று அதன் பெயர் சொல்லி எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்து எனக்கு ஜீப் காத்திருந்தது. அவரையும் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்றேன். "வேணாம் சார், நீங்க கெளம்புங்க. நாங்க பேசிக்கினே நடந்துட்றோம். நாளைக்கு இவங்களுக்கு ஊசி போடற வேல கீது, அதப் பத்திக் கொஞ்சம் கேக்கணுமாம்" என்றார். மருத்துவச்சிகள், அம்மை குத்துபவர், பெருக்குகிற அம்மாள், ஊர்ப் பெண்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். யாரோ அவருடைய மாலையைக் கையில் வாங்கிக்கொண்டார்கள், யாரோ குடையை. அந்தச் சின்ன மருத்துவச்சி முன்னால் நடந்து கைவீசி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். விசிட்டரம்மா அவளுக்கு ஓரடி பின்னால், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனார். ஏரிக்கரைத் திருப்பத்தில் மறையும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "போலாமா சார்?" என்று டிரைவர் இரண்டாவது முறை கேட்டார். கழுத்தில் மாலையோடு ஏறி உட்கார்ந்தேன். எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது.